மாசு பெர்மிற்றை வாங்கி விக்கிறது எண்டா உண்மையில என்ன?

காபன் வரி, காபன் மார்க்கெற், காபன் கிரெடிற் எண்டு மூண்டையும் ஒண்டாப் போட்டுக் குழைச்சுக் கதைக்கிறது இப்ப எல்லா இடமும் நடக்குது. கனடாவில இருக்கிற சொந்தக்காரர் பெற்றோல் விலையோட சேத்து ஒண்டைச் சொல்லுவினம், ஜேர்மனியில இருக்கிறவை கறன்ற் பில்லோட சேத்து இன்னொண்டைச் சொல்லுவினம், இஞ்ச ஊரில ஆராவது ஒராள் வந்து காணியில மரம் வச்சா டொலர் வரும் எண்டு சொல்லிப்போட்டுப் போவார். கடைசியில எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி "காசிருக்கிறவன் காசைக் கட்டிப்போட்டுப் புகை விடுறான், அவ்வளவுதான்" எண்டு முடிச்சிடுவினம். அந்த முடிவில கொஞ்சம் உண்மை இருக்கு, கனக்கப் பிழை இருக்கு. எது உண்மை எது பிழை எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்குப் பொருளியல் படிச்சிருக்கத் தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிஞ்சாக் காணும்.

நான் கடைசிவரை திருப்பித் திருப்பிச் சொல்லப்போறது ஒரே விசயம்: பெர்மிற்றை, அதாவது இவ்வளவு மாசு விடலாம் எண்ட சீட்டை, வாங்கி விக்கிறதால மாசு குறையிறேல்லை, மாசைக் குறைக்கிறது அரசாங்கம் போடுற வரம்பு. வாங்கி விக்கிறது அந்தக் குறைப்பை ஆர் செய்யிறது, எவ்வளவு மலிவாச் செய்யிறது எண்டதை மட்டும் தீர்மானிக்குது.

புகைக்கு ஆர் பில் கட்டுறது?

ஒரு ஆலை நிலக்கரிக்குக் காசு கட்டுது, வேலையாக்களுக்குச் சம்பளம் கட்டுது, லொறிக்குக் கூலி கட்டுது. புகைபோக்கியால மேல போறதுக்கு மட்டும் ஒரு பில்லும் வாறேல்லை. அந்தப் புகையால பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வந்தா மருந்துச் செலவு அந்த வீட்டுக்குத்தான். இப்பிடி ஒருத்தர் செய்யிற தொழிலின்ர செலவு, அந்தத் தொழிலோட ஒரு சம்பந்தமும் இல்லாத இன்னொருத்தரின்ர தலையில விழுறதைப் பொருளியல்ல புறவிளைவு எண்டு சொல்லுவினம். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆதர் பிகு 1920இலயே இதைப்பற்றி விரிவா எழுதினவர், அந்தச் செலவை மாசு விடுறவரிட்டயே வரியா அறவிடலாம் எண்ட யோசனை அவரின்ர பேரிலதான் இண்டைக்கும் வழங்குது.

எங்களுக்கு இது புத்தகத்தில படிச்சு விளங்கவேண்டிய விசயமில்லை. சுன்னாகத்தில அனல்மின் நிலையத்தின்ர கழிவெண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கிக் கிணறுகளில எண்ணெய் கலந்தபோது கறன்ற் பாவிச்சது ஒரு பக்கம், குடிக்கத் தண்ணியில்லாம பவுசருக்குக் காத்துக்கொண்டு நிண்டது இன்னொரு பக்கம். வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2019இல மின்நிலையக் கொம்பனி அந்தச் சனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கவேணும் எண்டு தீர்ப்பு வந்தது. மாசு விட்டவரே செலவைக் கட்டவேணும் எண்ட கொள்கையை அந்தத் தீர்ப்பு தூக்கிப் பிடிச்சது. நல்ல விசயம், ஆனா அது கிணறு பழுதாகினதுக்குப் பிறகு வந்த நியாயம். மாசு வெளியில வாறதுக்கு முன்னமே அதுக்கு ஒரு விலை இருந்தா என்ன எண்டு கேக்கிற இடத்திலதான் எங்கட விசயம் தொடங்குது.

அரசாங்கத்தின்ர கையில இருக்கிற மூண்டு வழி

முதல் வழி கட்டளை. எல்லா ஆலையும் இந்தக் கருவியைப் பூட்டு, எல்லாரும் 40 வீதம் குறை, குறைக்காட்டித் தண்டம். ரெண்டாவது வரி. ஒரு தொன் மாசுக்கு இவ்வளவு ரூபா கட்டு, எவ்வளவு விடுறாய் எண்டது உன்ர பாடு. கனடாவில சாதாரண சனம் எரிபொருளோட சேத்துக் கட்டினது இந்த வகை, 2025 ஏப்ரல் 1ஓட அதைப் பூச்சியமாக்கிட்டினம். மூண்டாவது பெர்மிற், அதாவது ஒரு தொன் மாசு விடலாம் எண்டு அரசாங்கம் குடுக்கிற உரிமைச் சீட்டு. மொத்தமா எத்தினை சீட்டு அச்சடிக்கிறது எண்டதை அரசாங்கம் முடிவு செய்யும், அதைத்தான் இந்தக் கட்டுரையில வரம்பு எண்டு சொல்லுறன். சீட்டைக் கையில வச்சிருக்கிறவை தங்களுக்குள்ள வாங்கலாம், விக்கலாம்.

வரியில விலை முதலே தெரியும், மாசு எவ்வளவு குறையும் எண்டது பிறகுதான் தெரியவரும். பெர்மிற்றில மறுவளம், மாசு எவ்வளவு எண்டது முதலே தெரியும், விலை எங்க போய் நிக்கும் எண்டது பிறகுதான் தெரியும்.

பெர்மிற் யோசனையை முதல்ல எழுத்தில வச்ச ஆக்களில ஒராள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில இருந்த ஜோன் டேல்ஸ், 1968இல. தோமஸ் குரொக்கர் எண்ட அமெரிக்கர் 1966இலயே காத்து மாசைப் பற்றி இதே மாதிரி எழுதியிருந்தவர். அதுக்கும் முன்னம் 1960இல றொனால்ட் கோஸ், உரிமை ஆருக்கு எண்டு தெளிவா இருந்து பேரம் பேசவும் வழி இருந்தா ஆக்கள் தாங்களே மலிவான தீர்வுக்கு வந்து சேருவினம் எண்ட வாதத்தை வச்சவர். எல்லாத்துக்கும் அத்திவாரம் அது.

பங்குக் கிணத்தை நினைச்சுப் பாருங்கோ

வலிகாமத்துச் செம்மண் தறையில ஒரு தோட்டக் கிணறு. நாலைஞ்சு பேருக்குப் பங்கு, உறுதியில காணிப் பரப்போட சேத்துக் கிணத்துப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் எழுதியிருக்கும். எல்லாரும் நினைச்ச நேரம் மிசினைப் போட்டு இறைச்சாக் கிணறு வத்தும், இன்னும் மினக்கெட்டு இறைச்சாச் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில இருக்கிற உவர்த் தண்ணி மேல வந்திடும், பிறகு ஒருத்தருக்கும் வெங்காயம் இல்லை. அதாலதான் முறை வச்சு இறைக்கிறது, இண்டைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

இப்ப ஒருத்தர் இந்தப் போகம் தறையைச் சும்மா விட்டிருக்கிறார், அவருக்கு முறை தேவையில்லை. பக்கத்துத் தறைக்காரர் புகையிலை நட்டிருக்கிறார், அவருக்கு ஒரு முறை காணாது. முதலாமவர் தன்ர முறையை மற்றவருக்குக் குடுக்கிறார், சும்மாவோ காசுக்கோ. கிணத்தில இருந்து போன மொத்தத் தண்ணி மாறேல்லை, தண்ணி கூடத் தேவைப்பட்ட தறைக்குக் கூடப் போனது, அவ்வளவுதான். பெர்மிற் மார்க்கெற்றின்ர முழு உயிரும் இதுக்குள்ள இருக்கு. கிணறு குடுக்கக்கூடிய அளவு வரம்பு, ஒரு முறை ஒரு பெர்மிற், முறை கை மாறுறது வியாபாரம்.

ஒரு இடத்தில மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது, அந்த இடம் முக்கியம். கிணறு தன்ர எல்லையைத் தானே காட்டும், தண்ணி கீழ போறது கண்ணுக்குத் தெரியும். ஆகாயம் அப்பிடி ஒண்டும் காட்டாது, எவ்வளவு காபனீரொட்சைட்டைக் கொட்டினாலும் "காணும்" எண்டு அது சொல்லப்போறேல்லை. அதால வரம்பை மனுசர் இருந்து எழுதவேணும், சட்டமாக்கவேணும், அளக்கவேணும், மீறினாத் தண்டிக்கவேணும். இந்த நாலில ஒண்டு பிசகினாலும் வியாபாரம் எவ்வளவு சுறுசுறுப்பா நடந்தாலும் பிரயோசனமில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ரெண்டு ஆலை எண்டு வைப்பம், அ எண்டும் ஆ எண்டும். ரெண்டும் இப்ப வருசத்துக்கு 100 தொன் மாசு விடுது, மொத்தம் 200. அரசாங்கம் வரம்பை 120 எண்டு போட்டு ஆளுக்கு 60 பெர்மிற் குடுக்குது. அ ஆலை புதுசு, எரிபொருளை மாத்தினாச் சரி, ஒரு தொன் குறைக்க 2,000 ரூபா போதும். ஆ பழைய ஆலை, உலையையே கழட்டி மாத்தவேணும், ஒரு தொன் குறைக்க 10,000 ரூபா.

வாங்கி விக்க விடாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கு 40 தொன் குறைக்கவேணும். அ ஆலைக்கு 80,000 ரூபா, ஆ ஆலைக்கு 400,000 ரூபா, மொத்தம் 480,000.

வாங்கி விக்க விட்டா? அ ஆலை யோசிக்கும், எனக்கு ஒரு தொன் குறைக்க 2,000தான் முடியுது, ஆ ஆலைக்காரர் 10,000க்குக் கீழ எந்த விலைக்கும் பெர்மிற் வாங்கச் சந்தோசப்படுவார். அதால அ 80 தொன் குறைச்சு, 20 தொன் மட்டும் விட்டு, மிச்சம் 40 பெர்மிற்றை ஒண்டு 6,000 ரூபாப்படி விக்குது. குறைக்க அ ஆலைக்குச் செலவு 160,000, வித்த காசு 240,000, கையில 80,000 மிச்சம். ஆ ஆலை 400,000 செலவழிக்கவேண்டிய இடத்தில 240,000ஓட முடிச்சிட்டுது. மொத்த மாசு முந்திச் சொன்ன அதே 120 தொன், ஆனா சமூகத்துக்கு உண்மையில போன செலவு 480,000 இல்லை, 160,000.

நிசத்தில ஒரு தொன் குறைக்கிற செலவு இப்பிடி ஒரே அளவா இருக்காது, முதல் கொஞ்சம் மலிவு, போகப்போக விலை ஏறும். அ ஆலைக்கு அடுத்த தொன்னைக் குறைக்கிற செலவும் ஆ ஆலைக்கு அடுத்த தொன்னைக் குறைக்கிற செலவும் சமனாகிற இடத்தில வியாபாரம் தானா நிண்டிடும், மார்க்கெற் விலையும் அங்கதான் வந்து நிக்கும். எந்த ஆலைக்கு என்ன செலவு எண்டு அரசாங்கத்துக்குத் தெரியவே தேவையில்லை எண்டது இதில பெரிய வசதி. எல்லா ஆலைக்காரரும் வந்து "ஐயா எனக்குக் கனக்கச் செலவாகும்" எண்டு அழுவினம், ஆர் உண்மை சொல்லுறார் எண்டு ஒரு அதிகாரியால கண்டுபிடிக்கேலாது. பெர்மிற் வாங்கிறாரா விக்கிறாரா எண்டதில அது தானா வெளியில வந்திடும்.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: மாசுக்கு விலை இல்லாததால செலவு அடுத்தவரின்ர தலையில விழுது. அரசாங்கம் மொத்தத்துக்கு ஒரு வரம்பு போட்டு அதைச் சீட்டாப் பிரிக்குது. சீட்டு கை மாறுது, மலிவாக் குறைக்கக்கூடியவர் கூடக் குறைக்கிறார், மொத்தம் வரம்புக்குள்ள நிக்குது.

"காசைக் கட்டி மாசு விடுறதுதானே?"

எல்லாரும் கேக்கிற கேள்வி, கேக்கவேண்டிய கேள்வியும்தான். ஓம், ஆ ஆலை காசைக் கட்டி 100 தொன் விடுது. ஆனா அந்தக் காசு வாங்கினவர் அதே அளவைத் தன்ர பக்கத்தில குறைச்சாத்தான் அந்தச் சீட்டை விக்கலாம். இந்தத் திட்டம் வாறதுக்கு முதல் அதே ஆ ஆலை அதே 100 தொன்னை ஒரு சதமும் கட்டாமல் விட்டுக்கொண்டு இருந்தது எண்டதையும் மறக்கக்கூடாது. காசு கட்டி விடுறது அநியாயமாத் தெரியுது எண்டா சும்மா விடுறது அதைவிட அநியாயம்.

வரம்பு சும்மா பேருக்கு இருந்தா அந்தக் குற்றச்சாட்டு நூத்துக்கு நூறு சரியாகிடும். மேல சொன்ன கணக்கில வரம்பை 120க்குப் பதிலா 220 எண்டு போட்டிருந்தா? ஒருத்தரும் ஒண்டும் குறைக்கத் தேவையில்லை, பெர்மிற்றுக்கு விலையும் இல்லை, ஆனா வெளியில "எங்களிட்ட மாசு மார்க்கெற் இருக்கு" எண்டு சொல்லிக்கொள்ளலாம். அப்பிடி ஒண்டு உண்மையிலயே நடந்தது, கீழ சொல்லுறன்.

முதல் சீட்டை ஆருக்குக் குடுக்கிறது?

சண்டை முழுக்க நடக்கிற இடம் இது. சும்மா குடுக்கலாம், இல்லாட்டி ஏலத்தில விக்கலாம். ஆச்சரியம் என்னெண்டா, வரம்பு ஒண்டா இருந்தா எப்பிடிக் குடுத்தாலும் மொத்த மாசு ஒண்டுதான், வியாபாரம் ஒழுங்கா நடந்தா ஆர் குறைக்கிறது எண்டதும் பெரும்பாலும் ஒண்டுதான். மாறுறது ஆரின்ர பொக்கற்றில காசு போகுது எண்டது மட்டும். சும்மா குடுத்தாக் கொம்பனிக்குப் போகும், ஏலம் விட்டா அரசாங்கத்துக்கு வரும், அரசாங்கம் அதைச் சனத்துக்குத் திருப்பிக் குடுக்கலாம்.

"சும்மா குடுத்த சீட்டுத்தானே, கொம்பனி ஏன் சாமான் விலையைக் கூட்டவேணும்" எண்டு நினைப்பியள். ஐரோப்பாவில முதல் வருசங்களில மின் கொம்பனிகளுக்குப் பெரும்பாலும் சும்மாதான் குடுத்தவை, எண்டாலும் கறன்ற் விலை ஏறினது. கையில இருக்கிற சீட்டை வித்தா 20 யூரோ வரும் எண்டால், அதைப் பாவிச்சுக் கறன்ற் எடுக்கிறது 20 யூரோவை விட்டுக்குடுக்கிற மாதிரி, அந்த 20 யூரோவையும் கொம்பனி விலையில ஏத்தும். சனம் கூடக் கட்டினது, கொம்பனிக்கு உழைக்காத லாபம் வந்தது. 2013க்குப் பிறகு அங்க மின்சாரத் துறைக்குப் பெரும்பாலும் ஏலம்தான். என்னைக் கேட்டா முதல் நாளில இருந்தே ஏலம் விட்டிருக்கவேணும், ஆகாயம் ஒரு கொம்பனியின்ர முதுசம் இல்லை.

அமெரிக்காவில அமில மழை

பெரிய அளவில இது முதல்ல ஒழுங்கா நடந்தது அமெரிக்காவில. நிலக்கரி மின்நிலையங்கள் விட்ட கந்தகவீரொட்சைட்டு மழையோட சேந்து அமிலமா விழுந்து, ஏரிகளில மீன் செத்து, காடு கருகி, கனடாவோட சண்டையும் வந்தது. 1990இல காத்துச் சுத்தச் சட்டத்தைத் திருத்தினவை, ஜனாதிபதி மூத்த ஜோர்ஜ் புஷ் கையெழுத்து வச்சவர். இலக்கு 1980இல இருந்த அளவைவிட வருசத்துக்கு 1 கோடி தொன் குறைக்கிறது. முதல் கட்டம் 1995இல, ரெண்டாவது 2000இல. மின்நிலையங்களுக்கு 2010இல இருந்து நிரந்தர வரம்பு வருசத்துக்கு 89 இலட்சத்து 50 ஆயிரம் தொன். ஒவ்வொரு பெரிய புகைபோக்கியிலயும் விடாம அளக்கிற மீற்றர் பூட்டவேணும், சீட்டு இல்லாமல் விட்ட ஒவ்வொரு தொன்னுக்கும் 2,000 டொலர் தண்டம், அந்தத் தண்டமும் பணவீக்கத்தோட ஏறும், போதாததுக்கு அடுத்த வருசச் சீட்டிலயும் வெட்டு. மார்க்கெற் விலையைவிடத் தண்டம் எத்தினையோ மடங்கு கூட, அதால ஏமாத்திறதில லாபமே இல்லை.

முதல் ஏலம் 1993இல சிக்காகோ வணிகச் சபையில நடந்தது. திட்டம் வர முதல், ஒரு தொன் பல நூறு டொலர் வரும், ஆயிரத்துக்கு மேலயும் போகும் எண்டு கணக்குச் சொன்னவை. வந்தது 150 டொலருக்குக் கிட்ட, 1996இல 70 டொலருக்கும் கீழ. அந்த ஏலங்களில சட்ட மாணவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடக் காசு சேர்த்துச் சீட்டு வாங்கிப் பாவிக்காமலே வச்சிருந்தவை. அவை வாங்கின ஒவ்வொரு சீட்டும் அமெரிக்க ஆகாயத்துக்குப் போகாத ஒரு தொன். வரம்பு உண்மையான வரம்பா இருந்தா மட்டும்தான் இது நடக்கும், எனக்கு இந்த விசயத்தில ஆகப் பிடிச்ச விபரமும் இதுதான்.

விலை இறங்கினதுக்கு முழுப் புகழையும் மார்க்கெற்றுக்குக் குடுக்கிறது சரியில்லை. வயோமிங் பக்கத்தில கந்தகம் குறைஞ்ச நிலக்கரி கனக்க இருந்தது, 1980இல ரயில் கூலிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினதால அதைத் தூரத்து மின்நிலையங்களுக்கு ஏத்திற செலவு குறைஞ்சது. பழைய மாதிரி "எல்லாரும் இந்தக் கருவியைத்தான் பூட்டவேணும்" எண்டு கட்டளை போட்டிருந்தா அந்த மலிவான வழியை ஒருத்தரும் எடுத்திருக்கேலாது எண்டதும் அதேயளவு உண்மை. 2010இல மின்நிலையங்கள் விட்டது வரம்புக்கு எவ்வளவோ கீழ.

ஐரோப்பா எப்பிடிச் சறுக்கினது

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல காபனீரொட்சைட்டுக்கு மார்க்கெற் திறந்தது, பத்தாயிரத்துக்கு மேல ஆலையளும் மின்நிலையங்களும் உள்ளுக்க. ஆனா ஒரு ஆலை உண்மையில எவ்வளவு விடுது எண்டு சரியான பதிவு அப்ப கையில இல்லை, நாடுகள் தங்கட ஆலைகளுக்குத் தாராளமாச் சீட்டை அள்ளிக் குடுத்தவை. 2006 ஏப்ரல்ல முதல் அளவு விபரம் வெளியில வர, விட்ட மாசைவிடக் குடுத்த சீட்டுக் கூட எண்டு தெரிஞ்சது. 30 யூரோவுக்குக் கிட்ட நிண்ட விலை கொஞ்ச நாளில பாதியாகினது, 2007 முடியேக்க சில சதம்தான். அந்த முதல் கட்டச் சீட்டை 2008க்குக் கொண்டுபோகவும் ஏலாது, அதால கடைசியில அது வெறும் கடதாசி.

பிறகு 2008 பொருளாதார மந்தம் வந்து உற்பத்தி குறைய, திரும்பவும் சீட்டு மிஞ்சினது, 2013இல விலை 5 யூரோவுக்குக் கீழயும் போனது. அதுக்குப் பிறகுதான் இறுக்கினவை. வரம்பை வருசா வருசம் குறைக்கிற வேகத்தைக் கூட்டினவை, 2019இல இருந்து மிஞ்சின சீட்டை மார்க்கெற்றில இருந்து இழுத்தெடுக்கிற ஒரு ஒதுக்கத்தை வச்சவை. 2023 பெப்ரவரியில விலை முதல் தடவையா 100 யூரோவைத் தாண்டினது. அதே வருசம் அந்தத் துறைகளின்ர மாசு 2005ஐ விட 47 வீதமளவு குறைஞ்சிருந்தது. காத்தாடி, சோலார், எரிவாயு எண்டு வேற காரணங்களும் இதில இருக்கு, முழுக்கப் பெர்மிற்றால எண்டு சொல்லேலாது. அதே பதினெட்டு வருசத்தில மார்க்கெற் எண்ட பேர் மாறேல்லை, மாறினது வரம்பின்ர இறுக்கம்.

கனடாவில ஒன்ராரியோ மாகாணம் 2017 தை மாசம் இப்பிடி ஒரு மார்க்கெற்றைத் தொடங்கி, ஆட்சி மாற 2018இல நிப்பாட்டிட்டுது. சீட்டின்ர பெறுமதி அரசியல்ல தொங்குது எண்டதுக்கு இது காணும். அடுத்த தேர்தலோட இது போயிடும் எண்டு ஆலைக்காரர் நினைச்சா உலையை மாத்தக் காசு போடமாட்டினம்.

சூரத்தில நடந்தது

பணக்கார நாட்டு விளையாட்டு இது எண்டு நினைக்கிறவைக்கு குஜராத்தில இருக்கிற சூரத்தைக் காட்டலாம். துணி ஆலை நிறைஞ்ச நகரம், நிலக்கரி எரிக்கிற கொதிகலன்கள், தூசியும் கரியும். 2019இல மாநில மாசுக் கட்டுப்பாட்டுச் சபை அங்க தூசித் துகளுக்குப் பெர்மிற் மார்க்கெற் தொடங்கினது. முந்நூறுக்கு மேல ஆலைகளை எடுத்து, குலுக்கல் முறையில ஒரு பகுதியை மார்க்கெற்றுக்குள்ள விட்டு, மிச்சத்தைப் பழைய கட்டளை முறையிலயே வச்சு ஒப்பிட்டுப் பாத்தவை. மார்க்கெற்றுக்குள்ள இருந்த ஆலைகளின்ர மாசு 20இல இருந்து 30 வீதம் குறைவா இருந்தது. அங்கயும் முதல் வேலை புகைபோக்கியில மீற்றர் பூட்டினதுதான், வியாபாரம் அதுக்குப் பிறகு.

சுருக்கமா: அமெரிக்காவிலயும் சூரத்திலயும் அளவும் தண்டமும் முதல் வந்தது, வேலை செய்தது. ஐரோப்பாவில வரம்பு தொளதொள எண்டு இருக்கும்வரை விலையே நிக்கேல்லை.

எந்த மாசுக்கு இது சரிவராது

காபனீரொட்சைட்டு எங்க விட்டாலும் உலகம் முழுக்கக் கலந்திடும், அச்சுவேலியில ஒரு தொன் குறைச்சாலும் ஜேர்மனியில குறைச்சாலும் ஆகாயத்துக்கு ஒண்டுதான். அதால அதுக்கு இந்த முறை நல்லாப் பொருந்தும். எண்ணெய், ஈயம், நைத்திரேற் எண்டு வாற மாசு விட்ட இடத்திலயே நிண்டு கொல்லும். நிலத்தடி எண்ணெய்க்கு ஒரு பெர்மிற் மார்க்கெற் இருந்திருந்தா, ஒரு கொம்பனி காலியில ஆராவது குறைச்ச சீட்டை வாங்கி வச்சுக்கொண்டு சுன்னாகத்தில தொடர்ந்து விட்டிருக்கலாம். நாட்டு மொத்தக் கணக்கு அழகா இருக்கும், கிணத்துத் தண்ணி குடிக்கேலாது. எங்கட சுண்ணாம்புக் கல்லு நிலத்தில மேல ஊத்தினது கீழ போகக் கனநாள் எடுக்காது, கீழ போனா எடுக்கவும் ஏலாது. அப்பிடியான மாசுக்குக் கட்டளைதான் வேணும், "இதுக்கு மேல ஒரு துளியும் விடாதே" எண்ட கட்டளை. இதில நான் ஒரு விட்டுக்குடுப்புக்கும் தயாரில்லை.

காபன் கிரெடிற் வேற சாமான்

இனி எல்லாரும் போட்டுக் குழப்பிற இடம். பெர்மிற் எண்டது வரம்புக்குள்ள அச்சடிச்ச சீட்டு. கிரெடிற் எண்டது வரம்புக்கு வெளியில இருக்கிற ஒருத்தர் "நான் இந்த வேலையைச் செய்திருக்காட்டி இவ்வளவு மாசு போயிருக்கும், செய்ததால போகேல்லை" எண்டு காட்டி வாங்கிற சான்று. மரம் நடுறது, காட்டை வெட்டாமல் விடுறது, நிலக்கரிக்குப் பதிலா நீர்மின் எடுக்கிறது எல்லாம் இதுக்குள்ள வரும். காபன் மாசைக் குறைக்க நாடுகள் செய்த கியோட்டோ உடன்படிக்கைக் காலத்தில இலங்கையிலயும் சிறு நீர்மின் திட்டங்கள் சிலது இப்பிடிப் பதிவாகினது.

சிக்கல் அந்த "செய்திருக்காட்டி" எண்டதில. நடக்காத ஒண்டை எப்பிடி அளக்கிறது? அந்த மின்நிலையம் கிரெடிற் காசு இல்லாமலே வந்திருக்குமோ? அந்தக் காட்டை ஆரும் வெட்ட நினைச்சவையோ? ஆகக் கெட்ட உதாரணம் குளிரூட்டி வாயு செய்யிற ஆலைகள். அந்த வாயுவோட சேந்து கழிவா வாற இன்னொரு வாயு, ஒரு தொன் 11,700 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமன் எண்டு கணக்கில இருந்தது. அதை எரிக்கச் செலவு கொஞ்சம், எரிச்சா வாற கிரெடிற்றோ மலை மாதிரி. சீனாவிலயும் இந்தியாவிலயும் சில ஆலைகளுக்குச் சாமானை வித்து வாறதைவிடக் கழிவை எரிச்சு வாற காசு கூடினது, எரிக்கிறதுக்காகவே கழிவைக் கூட்ட ஆசை வந்திட்டுது. 2013இல இருந்து ஐரோப்பா அந்தக் கிரெடிற்றைத் தன்ர மார்க்கெற்றுக்குள்ள எடுக்கிறதை நிப்பாட்டினது.

பொய்க் கிரெடிற் ஒண்டை வாங்கிக்கொண்டு ஒரு ஆலை வரம்புக்கு மேல ஒரு தொன் விட்டா, வரம்பிலயே ஓட்டை விழுந்த மாதிரி. அதால ஒரு நாட்டு மார்க்கெற் நல்லதோ எண்டு பாக்கேக்க வெளிக் கிரெடிற்றை எவ்வளவு உள்ளுக்க விடுகினம் எண்டதையும் பாக்கவேணும். காணியில மரம் வைக்கச் சொல்லி ஆராவது ஒப்பந்தத்தோட வந்தா, எத்தினை வருசம் காணி கட்டுப்பட்டு இருக்கும், மரம் பட்டுப்போனா நட்டம் ஆருக்கு, கிரெடிற்றின்ர உரிமை ஆரின்ர பேரில பதியிறது எண்ட மூண்டையும் எழுத்தில கேளுங்கோ.

இலங்கைக்கு இது எங்க வந்து முட்டுது

இஞ்ச ஆலைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கு, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ. சிலர் அதையும் இதையும் ஒண்டெண்டு நினைக்கினம். அது ஒவ்வொரு ஆலைக்கும் நிபந்தனையோட குடுக்கிற லைசென்ஸ், வாங்கவும் விக்கவும் ஏலாது, மொத்தத்துக்கு வரம்பும் இல்லை. மேல சொன்ன மூண்டு வழியில அது முதலாவது, கட்டளை.

வெளியில இருந்து ஒரு அழுத்தம் வருது. ஐரோப்பிய ஒன்றியம் தன்ர ஆலைகள் காபனுக்குக் காசு கட்டேக்க, கட்டாத நாட்டில இருந்து மலிவாச் சாமான் வரக்கூடாது எண்டு எல்லையில ஒரு காபன் கட்டணம் கொண்டு வந்திருக்கு. 2023 ஒக்டோபர்ல இருந்து விபரம் மட்டும் கேட்டவை, 2026 தை மாசத்தில இருந்து வாற சாமானுக்குக் காசுப் பொறுப்பு. சீமெந்து, இரும்பு உருக்கு, அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன்தான் இப்ப அந்தப் பட்டியல்ல. எங்கட தேயிலையும் உடுப்பும் அதில இல்லை.

இஞ்சயும் ஒரு பெர்மிற் மார்க்கெற் தொடங்கலாமே எண்டா, எனக்கு அதில பெரிய நம்பிக்கை இல்லை. மார்க்கெற் எண்டா வாங்கவும் விக்கவும் கனபேர் வேணும். நாட்டில பெரிய புகைபோக்கியளை எண்ணினா நுரைச்சோலை 900 மெகாவொற் நிலக்கரி நிலையம், களனிதிஸ்ஸ, சபுகஸ்கந்த, பிறகு கொஞ்சம் சீமெந்து, கை விரல் காணும், அதிலயும் பெரிய பங்கு அரசாங்கத்தின்ர கையில. ஒரே முதலாளி தன்ர இடது கையால வித்து வலது கையால வாங்கினா விலை எண்டு ஒண்டு வராது. அப்பிடியான இடத்தில காபனுக்கு ஒரு நேரான வரியும், உள்ளூர் மாசுக்கு இறுக்கமான கட்டளையும் லேசு. ரெண்டுக்கும் முதல் வேணுமானது புகைபோக்கியில மீற்றரும், கிணத்துத் தண்ணியை மாசாமாசம் பரிசோதிச்சு அந்த முடிவைப் பிரதேச சபை நோட்டீஸ் போட்டில எல்லாரும் வாசிக்கக்கூடிய மாதிரி ஒட்டுறதும்.